பங்களா ஜன்னலும் பிரட்டுக்களமும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் நாவலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் பேசினார்கள். நான் பேசவிருப்பதோ வணிக நிர்வாக முதுமாணிப் பட்டப் படிப்பைப் பற்றி. எம்.பி.ஏ. என்ற மூன்றெழுத்தால் எல்லோரும் அறிந்த படிப்பு அது. அதற்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்த வகுப்பறையில் இரண்டு வருடங்கள் நான் கேட்டவை பெரும்பாலும் கதைகளே. அந்தக் கதைகளில் என் அம்மாவும் இருந்தார். ஆனால் அவருக்குப் பெயர் இருக்கவில்லை. இதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் பிறந்தது பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்து லயத்தில். அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்து, வெளிவாரிப் பட்டமும் பெற்று, பதுளையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். 2017-ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. வகுப்புக்கு இடம் கிடைத்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வகுப்பு. கட்டணத்துக்கு என் சேமிப்பு போதவில்லை. அம்மாவின் சங்கிலியும் தோடும் அடகுக்குப் போயின. “காதுல ஈர்க்குச்சி போட்டுக்கிட்டா யாரும் மலையிலருந்து எறங்கச் சொல்லப் போறாங்களா?” என்று கேட்டுவிட்டு அம்மா மறுநாள் வேலைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் பதுளை ஸ்டேசனுக்கு ஓடுவேன். 1924-இல் பதுளைவரை வந்த ரயில்பாதை அது. எங்கள் மலைகளின் தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதில் பெரும் பங்கு வகித்த பாதை. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இரவு முழுவதும் உட்கார்ந்தபடி பாடத்தைப் படிப்பேன். விடியுமுன் கோட்டை. ஸ்டேசனிலேயே முகம் கழுவி, சேலை மாற்றி, எட்டு மணி வகுப்புக்குப் போவேன். ஞாயிறு இரவு மீண்டும் ரயில். திங்கள் காலை பதுளையில் இறங்கி நேரே வேலைக்கு. தேயிலை எந்த வழியாகக் கொழும்புக்குப் போயிற்றோ அந்த வழியாகவே நானும் போய்வந்தேன்.

வகுப்பில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இருந்தோம். வங்கி முகாமையாளர்கள், பொறியியலாளர்கள், இராணுவ அதிகாரி ஒருவர், மருந்துக் கம்பனி விற்பனையாளர்கள். பாடம் ஆங்கிலத்தில். எனக்கு வாசிக்க வரும், பேச நாக்கு எழும்பாது. குழுக்களாகப் பிரித்தபோது என் குழுவில் ஒருவர் தோட்டக் கம்பனியிலிருந்து வந்தவர். ஊவாவில் ஒரு தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்தவர். சிங்களவர், நல்ல மனிதர். வகுப்பில் எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். அவரும் என்னிடம், “இங்கே நாம் இருவரும் மாணவர்கள், என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்” என்றார். எனக்கு ‘சேர்’ என்ற சொல்தான் வாயில் வந்தது. பெயர் சொல்லி அழைக்க மூன்று மாதமாயிற்று. அழைத்த அன்று இரவு ரயிலில் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பரீட்சைத் தாளில் இதற்குப் புள்ளி இல்லை. ஆனாலும் அந்தப் படிப்பில் நான் கற்ற கடினமான பாடங்களில் அதுவும் ஒன்று.

நேயர்களே, எம்.பி.ஏ. பட்டத்தை முதன்முதல் தொடங்கியது அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம், 1908-ஆம் ஆண்டில். இலங்கையில் 1986-இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து முகாமைத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் உருவான பிறகு இப்படிப்பு பரவலாயிற்று. ஹார்வர்ட் வளர்த்தெடுத்த போதனை முறைக்கு ‘விடய ஆய்வு’ என்று பெயர். ஒரு கம்பனியின் கதையைப் பத்திருபது பக்கங்களில் எழுதித் தருவார்கள். ஒரு முகாமையாளர் தம் அறையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு நெருக்கடி. நாளைக் காலைக்குள் முடிவெடுக்க வேண்டும். நீங்கள் அவராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியோடு கதை முடியும்.

இது சிறுகதையின் இலக்கணமேதான். பாத்திரம் உண்டு, சிக்கல் உண்டு, முடிவு வாசகர் கையில் விடப்படுகிறது. ஒரே ஒரு வேறுபாடு. நான் படித்த அத்தனை கதைகளிலும் கதாநாயகர் முகாமையாளராகவே இருந்தார். எல்லாக் கதைகளும் பங்களா ஜன்னலிலிருந்து பார்த்து எழுதியவை. ஜன்னலுக்கு வெளியே கீழே பிரட்டுக்களத்தில் நிற்பவர்கள் ஓர் எண்ணிக்கையாக மட்டும் வந்து போவார்கள்.

முகாமைத்துவ இயலின் ஆதிக் கதையும் அப்படித்தான். ‘விஞ்ஞான முறை முகாமைத்துவ’த்தின் தந்தை எனப்படும் பிரடெரிக் டெய்லர் 1911-இல் வெளியிட்ட நூலில் ஷ்மிட் என்ற இரும்புச் சுமை தூக்கும் தொழிலாளியைப் பற்றி எழுதுகிறார். நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் தூக்கிய அந்த மனிதர், டெய்லரின் முறைப்படி நாற்பத்தேழரைத் தொன் தூக்கினாராம். அவருடைய கூலி 1 டொலர் 15 சதத்திலிருந்து 1 டொலர் 85 சதமாக உயர்ந்ததாம். வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி உயர்வு ஏறக்குறைய அறுபது சதவீதம். அந்தத் தொழிலாளியின் உண்மைப் பெயர் ஹென்றி நோல் என்பதையும், டெய்லர் சொன்ன விவரங்களில் பல மெருகூட்டப்பட்டவை என்பதையும் பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் நூறு வருடங்களுக்கு மேலாக அந்தக் கதை உலகமெங்கும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது.

இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். பிறகு, “அந்த ஆளுக்கு முதுகு என்னாச்சுன்னு எழுதியிருக்காங்களா?” என்றார். டெய்லரின் அந்தக் கதையில் அதற்குப் பதில் இல்லை.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். நவீன முகாமைத்துவம் ரயில்வேக் கம்பனிகளில் பிறந்தது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த வரலாறு. கெய்ட்லின் ரோசென்தால் என்ற வரலாற்றாசிரியர் 2018-இல் வெளியிட்ட நூல் ஒன்றில் அடிமைத் தோட்டங்களின் கணக்கேடுகளை ஆராய்ந்திருக்கிறார். கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இருந்த தோட்ட முதலாளிகள் அச்சடித்த கணக்கேடுகளை வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு எத்தனை இறாத்தல் பஞ்சு பறித்தார் என்று பதிந்தார்கள். வருடத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வோர் அடிமைக்கும் விலை மதிப்பிட்டு எழுதினார்கள். இயந்திரத்துக்கு நாம் போடும் பெறுமானத் தேய்வை அவர்கள் மனிதருக்குப் போட்டார்கள். எங்கள் மூதாதையர் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் அல்லர். ஆனால் கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அந்தச் சீட்டோடு ஆளையும் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய காலம் ஒன்று இருந்தது. 1921-இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. செக்ரோலும் நிறுவைத் தராசும் எனக்குப் பழகிய பொருள்கள். கணக்கியல் எங்கே பிறந்தது என்று வாசித்தபோது, ஏதோ தெரிந்த வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது.

இனி, நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் பருவத்தில் ஒரு விடய ஆய்வு தந்தார்கள். நட்டத்தில் ஓடும் ஒரு தோட்டக் கம்பனி. பெயர் கற்பனை, நிலைமை உண்மை. 1992-இல் அரசு தன்னிடமிருந்த தோட்டங்களின் நிர்வாகத்தைப் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்த பின் எழுந்த நிலைமைதான். கேள்வி இது: தொழிலாளர் செலவை எவ்வாறு குறைக்கலாம்?

குழுவில் கணக்குத் தெரிந்தவள் நான். கணிப்பு அட்டவணை தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது நடைமுறையில் இருந்தது 2016-ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம். அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, வரவுக்கு 60, தேயிலை விலைப் பங்கு 30, குறித்த அளவு பறித்தால் 140, ஆக 730 ரூபா. நாள் அளவு 16 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ கொழுந்துக்குக் கூலி 45 ரூபா 62 சதம். அளவை 18 ஆக்கினால் 40 ரூபா 55 சதம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். ஆகவே தூள் கிலோவுக்கு ஏறக்குறைய 23 ரூபா மிச்சம். ஒரு புதிய இயந்திரம் வேண்டியதில்லை, ஒரு சதம் முதலீடு வேண்டியதில்லை. இரண்டு கிலோ கூட்டினால் போதும்.

வகுப்பில் எங்கள் குழுவுக்கே அதிக புள்ளி. விரிவுரையாளர் என் அட்டவணையைத் திரையில் காட்டி எல்லோருக்கும் விளக்கினார். கைதட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பத்து மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவளுக்கு அன்றுதான் அந்த வகுப்பில் ஓர் இடம் கிடைத்தது. ரயில் நானுஓயா தாண்டிய பிறகுதான் அந்த இரண்டு கிலோ யாருடைய முதுகில் ஏறும் என்ற நினைவு வந்தது.

அடுத்த வாரம் அதை அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்: “இது எந்த மாசத்துக் கணக்கு?”

வருடச் சராசரி என்றேன்.

“சராசரின்னா?”

பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பன்னிரண்டால் பிரிப்பது என்று விளக்கினேன்.

அம்மா சிரித்தார். “அப்ப கச்சான் காலம் எங்க போச்சு? மழை மாசத்துல இருபத்தஞ்சு கிலோவும் எடுப்பேன். ஆடி ஆவணியில கச்சான் அடிச்சா கொழுந்தே வராது, பத்து எடுக்க உசிரு போயிரும். அந்த மாசந்தான் பேரு பாதியாகும். ஆனா அந்த மாசத்துத் தூளுக்குத்தானே வெளிநாட்டுக்காரன் கூடக் காசு குடுக்கிறான்னு ஸ்டோர்ல பேசிக்கிறாங்க?”

நேயர்களே, ஊவாத் தேயிலையின் பெருமையே அதுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றில் செடி வாடும், கொழுந்து குறையும். அந்த வாட்டத்தில்தான் உலகம் விரும்பும் அந்த நறுமணம் பிறக்கிறது. கொழும்பு ஏலத்தில் ஊவாப் பருவத்துத் தேயிலை தனிக் கவனம் பெறுவது அதனால்தான். அதாவது, பொருளின் தரம் உச்சத்தில் இருக்கும் காலத்தில், நிறையைக் கொண்டு கூலி கணிக்கும் முறையில், பறிப்பவரின் வருமானம் அடிமட்டத்துக்குப் போகிறது. கச்சான் காலத்தில் அளவைக் குறைத்துக் கொடுக்கும் தோட்டங்களும் உண்டு, கொடுக்காதவையும் உண்டு. பெரும் புள்ளி வாங்கிய என் அட்டவணையில் கச்சான் காற்றுக்கு ஒரு கட்டமும் இல்லை. குழுவிலிருந்த ஐந்து பேருக்கும் அது தோன்றவில்லை. மலையில் வளர்ந்த எனக்கே தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

அம்மாவின் அந்தக் கேள்வியையே என் ஆய்வுக் கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். பருவத்துக்கும் தரத்துக்கும் ஏற்ப நாள் அளவை அமைக்க முடியுமா என்பது ஆய்வு. வினாக்கொத்து ஒன்று தயாரித்து, தமிழில் எழுதி, பசறைப் பக்கத்து லயங்களுக்குப் போனேன். ‘முற்றாக உடன்படுகிறேன்’ என்பதில் தொடங்கி ‘முற்றாக மறுக்கிறேன்’ என்பதுவரை ஐந்து கட்டங்கள். ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாத்துக்கும் சரின்னே போட்டுரு தாயி, ஒனக்கு நல்ல மார்க்கு கெடைக்கட்டும்” என்றார். அதன் பிறகு வினாக்கொத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்டேன்.

எத்தனை செய்திகள்! மழை நாளில் ஈரத்துக்கென்று நிறுவையில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள். எந்த மலையில் செடி கிழடு தட்டிவிட்டது. அட்டைக் கடிக்கு எதைத் தடவுகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்திவந்தவளைப் பிரட்டுக்களத்திலிருந்து எப்படித் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் பேசும்போது முகாமைத்துவப் பாடத்தின் ஓர் அத்தியாயம் விரிந்தது. வேலைத் திட்டமிடல், தரக் கட்டுப்பாடு, ஊக்குவிப்பு எல்லாம் அதில் இருந்தன. அந்தக் கலைச்சொற்கள் மட்டும்தான் இல்லை.

நாற்பது பக்கங்களில் எழுதிக்கொண்டு போனேன். “இவை கதைகள், தரவுகள் ஆகமாட்டா. பின்னிணைப்பில் போடுங்கள்” என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஆய்வு முறை ஒழுங்கின்படி அதில் நியாயம் இருக்கலாம். பின்னிணைப்பிலேயே போட்டேன். 2019-இல் பட்டம் கிடைத்தது. அம்மா பட்டமளிப்புக்கு வந்தார். அடகில் இருந்து மீட்ட தோடு அன்று அவர் காதில் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்த உரைக்கே தேவையில்லை. 2021 மார்ச்சில், நீண்ட போராட்டத்துக்குப் பின், நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வெளிவந்தது. மலையகமெங்கும் மகிழ்ந்தோம். சில வாரங்களில், பல தோட்டங்களில் நாள் அளவை 18 கிலோ, 20 கிலோ என்று கூட்டிவிட்டதாகத் தொழிலாளர்கள் முறையிட்டார்கள், வீதியில் இறங்கினார்கள். எங்கள் தோட்டத்திலும் கூட்டினார்கள். அன்று மாலை அம்மா படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, “ஒன் கணக்கு வந்துருச்சு புள்ள” என்றார்.

குத்திக்காட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. மழை வந்துவிட்டது என்பது போலச் சொன்னார். அந்தக் கணக்கை அவர்கள் என்னிடமிருந்து எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் அந்த ஜன்னலில் நின்றால் அதையே போடுவார். நானும் அங்கே நின்றபோது அதையேதான் போட்டேன். அன்றிரவு என் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, பின்னிணைப்பை முதலிலிருந்து வாசித்தேன்.

நேயர்களே, எங்கள் மண்ணில் கணக்கும் எழுத்தும் பகையாக இருந்ததில்லை. கோ. நடேசய்யர் தஞ்சாவூரில் வணிகப் பாடம் கற்பித்தவர், ‘வர்த்தக மித்திரன்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து எம்மவர் நிலையைக் கண்டறிந்தார் என்பது மலையகத்தில் எல்லோரும் சொல்லும் வரலாறு. 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தவரும் அவரே. தெளிவத்தை ஜோசப் எங்கள் பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். கொழும்பில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1979-இல் வந்த ‘நாமிருக்கும் நாடே’ தொகுதியைப் படித்தவர்களுக்கு அவர் யார் பக்கம் நின்று பார்த்தார் என்பது தெரியும். 2022-இல் காலமாகும்வரை எழுத்தைக் கைவிடவில்லை. பேரேட்டைப் பார்த்த அதே கண்ணால் லயத்தையும் பார்க்க முடியும் என்பதற்கு இவ்விருவரும் சாட்சி.

இப்போது பதுளையிலேயே 2005-இல் உருவான ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப் படிப்பு உண்டு. எங்கள் பிள்ளைகள் முகாமைத்துவம் படிக்க வேண்டும், தயங்காமல் படிக்க வேண்டும். கணக்குத் தெரியாததால் இழந்தது எங்கள் மக்களுக்குப் போதும். ஆனால் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் ஒரு விண்ணப்பம். உங்களுக்கு ஒரு விடய ஆய்வு தரப்பட்டால், அதில் பேசாமல் நிற்பவர் யார் என்று முதலில் தேடிப் பாருங்கள். அவர் பக்கமிருந்து அதே கதையை ஒருமுறை எழுதிப் பாருங்கள். பிறகு கணக்கைப் போடுங்கள். விடை மாறலாம், மாறாமலும் போகலாம். கட்டங்கள் கட்டாயம் கூடும்.

நான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பசறையில் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கியல் சொல்லிக் கொடுக்கிறேன். ஐந்தொகை முடிந்த பிறகு, வீட்டில் ஒருவருடைய ஒரு நாள் வேலையைக் கணக்காகவும் கதையாகவும் எழுதிவரச் சொல்வேன். சென்ற மாதம் ஒரு மாணவி தன் பாட்டியின் நாளை எழுதிவந்தாள். காலை நாலரைக்கு அடுப்பு மூட்டியதில் தொடங்கி ஒவ்வொரு வேலைக்கும் எதிரே நிமிடம் போட்டிருந்தாள். கூலி என்ற நிரலில் முக்கால்வாசி இடம் வெறுமையாக இருந்தது. “டீச்சர், இந்த இடத்துல என்ன எழுதுறது?” என்று கேட்டாள். அப்படியே வெறுமையாக விடு, வாசிப்பவர் பார்க்கட்டும் என்றேன்.

அந்த மாணவியின் எழுத்தையும், என் பின்னிணைப்பில் உள்ள கதைகளையும் சேர்த்து ஒரு சிறு நூலாகக் கொண்டுவரும் எண்ணம் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னபோது, “நிறுவைக்காரரு பேர மட்டும் போட்டுறாத, பாவம், அவருக்கும் புள்ளகுட்டி இருக்கு” என்றார். அவர் சொன்னபடியே செய்வேன்.